இருபுறமும் காணும் கண்

வழக்கு ஒன்றைத் தீர்க்க முற்படுவோன் இருதிறத்தார் கூற்றையும் கேட்டல் வேண்டும். ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் எளிது. ஆயின், அத்தீர்ப்பு நீதி ஆகாது. பொற்கொல்லன் உரைத்ததை நம்பி, கோவலனை ஒரு சொல்லும் கேளாமல், அவனைக் கொல்ல ஆணையிட்டான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. சிலப்பதிகாரம் காட்டும் இவ்வுண்மை அரசவைக்கு மட்டும் உரியதன்று. போரைப் பற்றி நாம் கேட்கும் செய்திக்கும் காணும் படத்துக்கும் அது பொருந்தும். ஒரு நாட்டு மக்களே தமக்குள் பிரிந்து பொருதும் உள்நாட்டுப் போருக்கோ அது மிக மிகப் பொருந்தும்.

போரின் ஓசை கேட்ட கரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் மிகக் குறுகியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரையில், அவ்வூருக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் புகைவண்டி ஏறியவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் புகைவண்டியில் கொழும்பு நகரம் சென்றார்கள். இரு கரையினரும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர்.

1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்க்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன; கடைகள் சூறையாடப்பட்டன; பலர் உயிரிழந்தனர். அதன்பின் அரசுக்கும் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கும் தொடங்கிய போர் 2009-ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்தது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் இக்கடலில் வேறு வகைப் பயணம் நிகழ்ந்தது. உடுத்த துணியோடு, கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரவில் படகேறி மக்கள் இக்கரைக்கு வந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாம், பிற்காலத்தில் இவ்வகதிகளுக்குப் புகலிடம் ஆயிற்று. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. கடலுக்குச் சென்ற இக்கரை மீனவரும் போரின் கொடுமைக்குத் தப்பவில்லை; இலங்கைக் கடற்படையினரால் சுடப்பட்டு மாண்டோரும் சிறைப்பட்டோரும் உண்டு.

படகேறி வந்தவர்கள் தாம் கண்டதையும் பட்டதையும் கூறினர். அவர்கள் சொன்ன துயரம் மெய்யான துயரம். ஆயினும், இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படகேறி வந்த துயரம் ஒன்று. படகேறாத துயரமும் உண்டு. தென்னிலங்கைச் சிற்றூர் ஒன்றில், முத்திரையிட்ட சவப்பெட்டியைப் பெற்றுக்கொண்ட சிங்களத் தாய் இக்கரைக்கு வரவில்லை. 1996-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியின்மீது வெடிமருந்து நிரப்பிய வண்டி மோதியபோது இறந்தவர்களின் பிள்ளைகள் இக்கரைக்கு வரவில்லை. 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் புத்தளத்துக்கே சென்றனர். ஆகவே, போரின் ஓசையை மிக அருகில் கேட்ட இக்கரையும் அதன் ஒரு பகுதியைத்தான் கேட்டது. கேளாத பகுதியைக் கொண்டுவருவது எது? நூல்கள் கொண்டுவரும்; நேர்மையான செய்தித்தாள்கள் கொண்டுவரும்; இக்காலத்தில் ஆவணப்படமும் கொண்டுவருகிறது.

ஆவணப்படம் என்பது யாது?

கற்பனைக் கதையை நடிகரைக் கொண்டு எடுப்பது கதைப்படம். உண்மையில் வாழும் மனிதரையும், உண்மையில் நிகழ்ந்த செயலையும், உண்மையான இடத்தையும் காட்டுவது ஆவணப்படம். இத்துறையில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் 1937-ஆம் ஆண்டில் கப்பற்பயணத்தின்போது அவர் உள்ளத்தில் தோன்றியது. பல நாடுகளில் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் அடி நீளமுள்ள சுருளைத் திரட்டி, அதிலிருந்து தம் படத்தை உருவாக்கி 1940-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். காந்தியடிகளைப் புதிதாக நடிக்கவைத்துக் காட்ட அவர் விரும்பவில்லை. முன்னரே பதிவான உண்மைக் காட்சிகளையே தேடித் திரட்டினார். சான்றைத் தேடி அலையும் அப்பொறுமையே ஆவணப்படத்தின் முதுகெலும்பு ஆகும்.

படம் பொய் சொல்லுமோ?

“கண்ணால் கண்டதே மெய்” என்று மக்கள் கூறுவர். படத்தில் கண்டதும் அவ்வாறே மெய்யாகுமா? 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடைபெற்றது. 1863-ஆம் ஆண்டில் கெட்டிஸ்பர்க் என்னும் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்டனர் என்பார் புகைப்படங்கள் எடுத்தார். பாறைகளுக்கு நடுவே மறைந்திருந்து சுட்ட வீரன் ஒருவன் அங்கேயே இறந்துகிடப்பதாகக் காட்டும் படம் அவற்றுள் புகழ்பெற்றது. நூறாண்டுகளுக்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் அப்படங்களை ஒப்பிட்டு நோக்கினர். அதே உடல் வேறோரிடத்திலும் படமாகியிருந்தது! படம் சிறக்க வேண்டும் என்பதற்காக உடலை எடுத்துச் சென்று பாறைகளுக்கிடையே கிடத்தியிருந்தனர். இறந்தவன் மெய், இறப்பு மெய், படம் சொன்ன கதை மட்டும் பொய்.

பொய் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இல்லாதபோதும் படம் முழு உண்மையைச் சொல்லிவிடாது. படத்துக்கு நான்கு விளிம்புகள் உண்டு. விளிம்புக்குள் இருப்பது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். எரியும் வீட்டைக் காட்டும் படம், அதனை எரித்தவனைக் காட்டாமல் போகலாம். துப்பாக்கி ஏந்தியவனைக் காட்டும் படம், அவன் கையில் அது எவ்வாறு வந்தது என்பதைக் காட்டாமல் விடலாம்.

1937-ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின் நடுவே, ஜோரிஸ் ஈவன்ஸ் என்னும் டச்சுக்காரர் ‘ஸ்பானிய மண்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். எழுத்தாளர் ஹெமிங்வே அதற்கு உரை எழுதினார். குடியரசுத் தரப்பினரிடையே நின்று எடுத்த படம் அது. தாம் எத்தரப்பில் நிற்கிறோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அத்தகைய படம் பயனற்றது என்று தள்ளிவிடலாகாது. ஆனால் அதனை ஒருதரப்புச் சாட்சி என்று அறிந்தே காணுதல் வேண்டும்.

படமெடுப்போர் எதிர்கொள்ளும் இடர்

இரு நாடுகளுக்கு இடையிலான போரில் எல்லைக்கோடு ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரிலோ அக்கோடு ஊர்களின் ஊடே செல்லும். சில வேளைகளில் ஒரே வீட்டின் ஊடேயும் செல்லும். ஒரு பகுதிக்குள் நுழைய அரசின் இசைவு வேண்டும். மற்றொரு பகுதிக்குள் நுழைய ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் இசைவு வேண்டும். இசைவு தருவோர் அதற்கு விலையும் கேட்பர். “இதைக் காட்டு, அதைக் காட்டாதே” என்பதே அவ்விலை. படமெடுப்போன் வந்து போய்விடுவான். அவனிடம் மனம் திறந்து பேசிய ஏழைக் குடியானவன் அங்கேயே வாழ வேண்டும். ஆகையால் உண்மையைப் பதிவு செய்வது ஒரு கடமை என்றால், உண்மை சொன்னவரைக் காப்பதும் அதற்கு இணையான கடமையாகும்.

இத்தனை இடருக்கும் இடையே இலங்கைப் போரைப் பற்றிச் சில படங்கள் எழுந்தன. நார்வே நாட்டு இயக்குநர் பெயாத்தே ஆர்னஸ்டா 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட படம், விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படைப்பிரிவைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களை அருகில் சென்று காட்டியது. ‘என் மகள் பயங்கரவாதி’ என்னும் பொருள்படும் அதன் பெயரே, பெற்ற தாய்க்கும் உலகம் சூட்டிய பெயருக்கும் இடையே உள்ள பிளவைச் சுட்டுகிறது.

கனடாவின் ஹெலன் குளோதாவ்ஸ்கி எடுத்து 2005-இல் பரவலாகத் திரையிடப்பட்ட படம் ஒன்று, மருத்துவர் ராஜனி திராணகமவின் வாழ்வைக் கூறுவது. ராஜனி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். தமிழராகிய அவர் மணந்தது சிங்களவர் ஒருவரை. ‘முறிந்த பனை’ என்னும் நூலை உடன்பணியாற்றியவர்களோடு சேர்ந்து எழுதினார். இலங்கை அரசின் கொடுமை, தமிழ் இயக்கங்களின் கொடுமை, 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்தியப் படையின் செயல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தது அந்நூல். 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், கல்லூரியிலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றனர் என்று அவரைச் சார்ந்தோர் கூறினர். எல்லாப் புறமும் கண்ட கண்ணை எந்தப் புறமும் விரும்புவதில்லை என்பதற்கு அவருடைய முடிவே சான்று.

போரின் இறுதி மாதங்களில் வெளிநாட்டுச் செய்தியாளர் எவரும் களத்துக்குள் தாமாகச் செல்ல இயலவில்லை. ஆயினும் காட்சிகள் பதிவாயின. பதுங்குகுழியில் கிடந்த மக்கள் சிலர் பதிவு செய்தனர்; வென்ற படையினர் சிலரும் தம் கைப்பேசிகளில் பதிவு செய்தனர். அவற்றைத் திரட்டிக் கேலம் மெக்ரே என்னும் பிரித்தானிய இயக்குநர் 2013-இல் ‘போர் தவிர்ப்பு வலயம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் படம் உருவாக்கினார். அக்காட்சிகளுள் சில முன்னரே தொலைக்காட்சியில் வெளிவந்தபோது, அவை புனையப்பட்டவை என்று இலங்கை அரசு மறுத்தது. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் அமர்த்திய வல்லுநர்களோ அவற்றை ஆராய்ந்து, அவை மெய்யானவை என்று கண்டனர். படத்தை நம்புவதற்கு முன் ஆராய்தல் வேண்டும் என்பதற்கும், ஆராய்ந்தபின் உண்மையை மறுத்தல் ஆகாது என்பதற்கும் இஃது எடுத்துக்காட்டு.

1983 கலவரத்தின்போது ஐந்து வயதுச் சிறுவராகப் புகைவண்டியில் வடக்கே தப்பிச் சென்றவர் ஜூட் ரட்ணம். அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘சொர்க்கத்தில் பேய்கள்’ என்னும் பொருள்படும் ஆவணப்படம் 2017-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் தம்முள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட வரலாற்றையும் அப்படம் கூறியது. பிறர் குற்றத்தை எடுத்துரைக்கத் துணிவு வேண்டும்; தம்மவர் குற்றத்தை எடுத்துரைக்க அதனினும் மிக்க துணிவு வேண்டும்.

சிங்களர் தரப்பிலும் அத்துணிவு உடையோர் உளர். பிரசன்ன விதானகே 1997-இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ ஆவணப்படம் அன்று, கதைப்படமே. எனினும் போரில் மகனை இழந்ததாகச் சொல்லப்பட்ட பார்வையற்ற தந்தை ஒருவர், முத்திரையிட்ட பெட்டிக்குள் தம் மகன் இருப்பதை நம்ப மறுப்பதைக் காட்டி, சிங்களச் சிற்றூரின் மெய்த்துயரை உரைத்தது. 2000-ஆம் ஆண்டில் அரசு அதனைத் திரையிடாமல் தடுத்தது. மறு ஆண்டு இலங்கையின் உச்ச நீதிமன்றம் திரையிட வழிசெய்தது.

கரைக்கு வந்த படக்கருவி

இராமேசுவரக் கரையும் படமாயிற்று. லீனா மணிமேகலை தனுஷ்கோடியைக் களமாகக் கொண்டு ‘செங்கடல்’ என்னும் படத்தை எடுத்தார். ஆவணப்படமும் கதைப்படமும் கலந்த வடிவம் அது. மீனவரும் அகதிகளும் தாமே அதில் தோன்றினர். அப்படத்துக்குத் தணிக்கைக் குழு முதலில் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2011-ஆம் ஆண்டில் சான்றிதழ் கிடைத்தது.

தடை எந்த ஒரு நாட்டுக்கோ இனத்துக்கோ உரிய பழக்கம் அன்று என்பதையும் இங்கு நோக்குக. ‘புரஹந்த களுவர’ கொழும்பில் தடுக்கப்பட்டது. மெக்ரேயின் படத்துக்கு இந்தியத் தணிக்கைக் குழு 2014-இல் சான்றிதழ் மறுத்தது. அதே படத்தை 2013-இல் மலேசியாவில் திரையிட முன்நின்ற மனித உரிமைப் பணியாளர் வழக்கில் சிக்கித் தண்டம் செலுத்த நேர்ந்தது. ரட்ணத்தின் படம் 2018-இல் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவிலிருந்து எதிர்ப்பின் காரணமாக விலக்கப்பட்டது. தம்மைக் காட்டும் கண்ணாடியை உடைக்க விரும்புவோர் எல்லாக் கரைகளிலும் இருக்கின்றனர்.

இருபுறம் காண்பதும் இரண்டையும் சமமாக்குவதும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். இருபுறமும் காண வேண்டும் எனின், இரு திறத்தாரின் குற்றமும் சமம் என்று கூறிவிட வேண்டுமா? அன்று. துலாக்கோலின் இரு தட்டுகளிலும் இருப்பதைப் போட்டு நிறுப்பது நேர்மை. நிறை குறைந்த தட்டைக் கையால் அழுத்திச் சமமாக்குவது நேர்மை அன்று.

2011-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு தன் அறிக்கையை அளித்தது. பாதுகாப்பு வலயங்கள் என்று அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படைகளின் குண்டுகள் விழுந்தன என்னும் குற்றச்சாட்டை அது நம்பத்தக்கதெனக் கண்டது. விடுதலைப் புலிகள் பொதுமக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர், சிறுவரையும் படையில் சேர்த்தனர் என்பனவற்றையும் நம்பத்தக்கனவெனக் கண்டது. இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட இயலாது என்றும், அவ்விறப்புகளுள் மிகப் பலவற்றுக்கு அரசுப் படையின் குண்டுவீச்சே காரணம் என்றும் அவ்வறிக்கை கூறியது. இஃது இருபுறமும் கண்டது. எனினும் எப்புறத்துக் குண்டு எத்தனை உயிரைக் குடித்தது என்பதை மறைக்கவில்லை. நல்ல ஆவணப்படமும் இவ்வழியே செல்லும்.

காண்போரின் கடமை

மாணவர்களே! படமெடுப்போர்க்கு மட்டும் கடமை உண்டு, காண்போர்க்கு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படக்கருவி வைத்திருப்போரே. போர்க்காட்சி ஒன்று நொடிப்பொழுதில் உலகைச் சுற்றி வருகிறது. அதனைக் காணும்போது சில வினாக்களை எழுப்புங்கள். இதனை எடுத்தவர் யார்? எங்கே, எப்போது எடுத்தார்? யாருடைய இசைவால் அங்கே சென்றார்? விளிம்புக்கு வெளியே என்ன இருந்திருக்கும்? இதில் பேசாதவர் யார்? நம் உள்ளம் ஏற்கெனவே நம்பியிருப்பதற்கு இது துணை செய்கிறது என்பதற்காகவே இதனை நம்புகிறோமா? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரையில் அக்காட்சியைப் பிறர்க்கு அனுப்பாதிருப்பதும் ஒரு நற்பண்பே.

போர் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் படங்களை ஏந்தி அமர்ந்திருக்கின்றனர். தெற்கே சிங்கள இல்லங்களிலும், மாண்ட மகனின் படம் சுவரில் தொங்குகிறது. இரு படங்களுக்கும் முன்னே ஏற்றப்படும் விளக்கு ஒன்றே. இதனைக் காணும் கண் உடையோர் இரு கரையிலும் பெருகுவாராயின், அடுத்த போரைத் தூண்ட வருவோர்க்குச் செவி கொடுப்போர் குறைவர். அத்தகைய கண்ணைப் பெறுதலே கல்வியின் பயன்களுள் தலையாயது.